குடத்தோடு பேசும் தையல்நாயகி

“ஏ குடமே, தொட்டி ரொம்பி வழிஞ்சிக்கினு இருக்குது. மோட்டாரை நிறுத்தணும்னு யாருக்குனா தோணுதா பாரு” என்கிறார் தையல்நாயகி. குடம் அவர் இடுப்பில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்திலேயே மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும் தம்பி சுப்பராயலு, அதன் சீட்டைப் பார்த்து, “எழுந்திரிச்சிக்கினுதான் இருக்கேன் வண்டி. அதுக்குள்ள ஜல்தின்னா எப்படி?” என்று சொல்லிவிட்டுப் போய் சுவிட்சைத் தட்டுகிறார். மோட்டார் நிற்கிறது. அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு இல்லை. வீட்டு மேல் கேஸ் நடக்கிறது.

திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு இது பழகிப்போய்விட்டது. புதிதாகக் குடிவருகிறவர்கள்தான் முதல் வாரம் பயப்படுவார்கள்.

உயில் எதுவும் எழுதாமல் அப்பா விட்டுப்போன வீடு அது. முன்கட்டில் சுப்பராயலுவும் அவர் மனைவி கலைப்பிரியாவும். பின்கட்டில் தையல்நாயகி. கட்டிக்கொடுத்த கையோடு புருஷனைப் பறிகொடுத்துத் திரும்பி வந்தவர்; அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவரும் அவர்தான். அப்பாவின் கருமாதி முடிந்த மறுநாள், அக்கா தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய பத்திரம் ஒன்றைத் தம்பி கொண்டுவந்து நீட்டினார். “சும்மா ஒரு கையெழுத்துதான்க்கா. நீ எங்க போயிடப் போற?” என்றாராம். தையல்நாயகி பேனாவை வாங்கி, மூடியைப் போட்டு, திருப்பிக் கொடுத்தார். அதோடு நேர்ப்பேச்சு நின்றது.

“வீட்டைக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன்” என்பார் எங்கள் அம்மாவிடம். “சும்மான்னுட்டான் பாரு. என் கையெழுத்து சும்மாவாம்.”

தையல்நாயகி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவர். பருப்புக் கிண்டிக் கிண்டி வலது தோள் மட்டும் பயில்வான் தோள். முட்டை போடும் நாளில், கணக்கில் முட்டை வாங்கியவனுக்குத்தான் முதல் முட்டை என்பது அவர் வைத்திருந்த சட்டம். “தலையிலதான் ஒண்ணும் இல்ல. வயித்துலயாவது இருக்கட்டும்” என்பார். அந்தச் சட்டத்தால் நான் அடைந்த பலன் கொஞ்சநஞ்சமல்ல.

ஜாடை பேசுவதில் அவருக்கு ஒரு முறை இருக்கிறது. சாதாரணச் செய்திக்குக் குடம். கோபத்துக்குத் துடைப்பம். தம்பிக்கு உடம்பு சரியில்லை என்றால் முருங்கை மரம். அதனிடம் மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசுவார். “மரமே, ராத்திரியெல்லாம் இருமுற சத்தம் கேட்டுது. டாக்டரு ஊரை வுட்டு ஓடிட்டாரா?” தம்பிக்கு அந்த வகைதொகை கிடையாது. எல்லாவற்றுக்கும் மொபெட்தான். தெருப் பிள்ளைகள் நாங்கள் குடத்துக்கு ‘ஜட்ஜ் ஐயா’ என்று பேர் வைத்தோம். ஒரு நாள் அது அவர் காதில் விழுந்தது. “கோர்ட்டுல இருக்கறவரு வாயைத் தொறக்கறதுக்குள்ள இது தொறந்துடும்டா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு ஆளுக்குச் சமைக்க அவருக்கு இன்னும் வரவில்லை. உலை வைத்தால் ஒரு வகுப்புக்கு வைப்பார். மிஞ்சுகிற கருவாட்டுக் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றி, நடுச்சுவர் மேல் வைத்து, “பூனை தின்னுட்டுப் போவட்டும்” என்பார். எவர்சில்வர் கிண்ணத்தைக் கழுவித் துடைத்துத் திருப்பி வைக்கிற பூனையை எங்கள் தெருவில்தான் பார்க்கலாம். நடுவில் மாட்டிக்கொண்டு அவதிப்படுகிறவர் கலைப்பிரியா. “வாய் ரெண்டு பேருக்கும் இருக்குது அண்ணி, காது எனக்கு மட்டும்தான் வலிக்குது. என்னா பேஜாருடா சாமி இது!” என்பார் நாத்தனாரிடம்.

பாகம் கேட்டுத் தையல்நாயகி போட்ட கேஸில், திண்டிவனம் கோர்ட்டில் ஆளுக்குப் பாதி என்று தீர்ப்பாயிற்று. தம்பி விழுப்புரத்துக்கு மேல்முறையீடு போனார். அங்கே வாய்தா வரும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போவார்கள். அக்கா முன்படி, தம்பி பின்படி. ஒரு முறை தம்பி பக்கத்தில் மட்டும்தான் இடம் இருந்தது. விக்கிரவாண்டி வரைக்கும் தையல்நாயகி நின்றுகொண்டே போனார். பிறகு ஜன்னல் கம்பியைப் பார்த்து, “முட்டி வலிக்குதுன்னு சொன்னாத்தான் தெரியுமா?” என்றார். சுப்பராயலு அதே கம்பியைப் பார்த்து, “இடம் காலியாத்தான இருக்குது, யாரு வேணாம்னாங்க?” என்றார். உட்கார்ந்தார். மீதி வழி முழுக்க இரண்டு பேரும் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டு போனார்களாம்.

விழுப்புரத்திலும் ஆளுக்குப் பாதிதான். ஜெயித்துவிட்டார் என்று தெருவே சந்தோஷப்பட்டது. தையல்நாயகி மட்டும் அன்றைக்கு உலை வைக்கவில்லை.

வீட்டை எப்படிப் பிரிப்பது என்று பார்க்கக் கோர்ட்டு ஒரு வக்கீலை கமிஷனராக அனுப்பியது. வெண்ணிலா என்று பேர், சின்ன வயது. டேப்பை இழுத்து அளந்து பார்த்தார். வீடு ரயில் பெட்டி மாதிரி. அகலம் கம்மி, நீளம் ஜாஸ்தி. முன்பாதி தம்பிக்கு என்றால், பின்பாதியிலிருந்து தெருவுக்கு வர வழியே இல்லை. தம்பி தன் பாதியில் ஓரமாக நடைவழி விட்டால் பிரிக்கலாம். விடாவிட்டால், பிரிக்க முடியாத சொத்து என்று எழுத வேண்டியதுதான். அப்புறம் வீடு ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுக்க இரண்டு பேருக்கும் வக்கில்லை. இந்த வயதில் தையல்நாயகி வாடகைக்கு வீடு தேட வேண்டும். இரண்டு கோர்ட்டில் ஜெயித்தவர், தோற்றவரிடம் போய் வழி கேட்க வேண்டும்.

“வழி வேணுமாம்மா உங்களுக்கு?” என்றார் வெண்ணிலா.

தையல்நாயகி குடத்தைப் பார்த்தார். “குடமே, பின்னால இருக்கறவ றெக்கை கட்டிக்கினா தெருவுக்குப் போவா?”

சுப்பராயலு மொபெட்டைப் பார்த்தார். “வண்டி, கேட்டா குடுக்க மாட்டேன்னு யாரு சொன்னது? யாரும் கேக்கலையே.”

“அவ்ளோதாம்மா, ரெண்டு பேரும் ஒத்துக்கினாங்க. எழுதிக்கங்க!” என்று கலைப்பிரியா கையைத் தட்டினார். வேடிக்கை பார்த்த எங்களுக்கும் அப்படித்தான் பட்டது. இந்த வீட்டில் இதைவிடத் தெளிவாக எதுவும் பேசி முடிந்ததில்லை.

வெண்ணிலா பேனாவைக் கீழே வைத்தார். “குடம் கேட்டுச்சு, வண்டி ஒத்துக்கிச்சுன்னு நான் கோர்ட்டுக்கு எழுத முடியாதும்மா. நீங்க அவரைப் பார்த்துக் கேக்கணும். அவரு உங்களைப் பார்த்துச் சொல்லணும். இல்லன்னா ஏலம்தான்.”

யாரும் சிரிக்கவில்லை. நான்கூடச் சிரிக்கவில்லை. சுப்பராயலு தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த ஹேண்டில்பாரை மறுபடி துடைத்தார். தையல்நாயகி வாயைத் திறந்தார், மூடினார். இத்தனை வருஷமாக அந்தப் பேரை நேராகச் சொல்லாத வாய். எங்கே தொடங்குவது என்று அதற்குத் தெரியவில்லை.

குடத்தை இறக்கி வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். மொபெட்டைச் சுற்றிப் போய், நரைத்த முள்தாடியோடு குனிந்திருந்த தம்பியின் தாடையை, சோறு ஊட்டப் பிடிப்பது போல இரண்டு விரலால் பிடித்து, தன் பக்கம் திருப்பினார்.