மணலில் நடக்க ஒரு கால்

1. மூன்று பேர், ஒரு கால்

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் செயற்கைக் கால் ஒர்க்‌ஷாப்பில் நான் ஃபிட்டராகச் சேர்ந்த புதிது. ஐம்பதுகளின் கடைசி. ஒருநாள் டாக்டர் அம்மா கூப்பிட்டனுப்பி, "பாம்பன் கரைக்குப் போறோம். மணல்ல நடக்கிற மாதிரி ஒரு கால் செய்யணும். நீங்களும் வாங்க" என்றார். நான் பரமக்குடி நெசவாளர் வீட்டுப் பிள்ளை. கடலை ரயில் ஜன்னலில் பார்த்ததோடு சரி.

கூட்டு ஆராய்ச்சி என்று அதற்குப் பெயர். உடம்புக்கு டாக்டர் அம்மா, டிசைனுக்கு இன்ஜினியரிங் காலேஜ் லெக்சரர் ஒருவர், மரத்துக்கும் தோலுக்கும் நான். மணலில் ஊன்றுகட்டை புதைந்துவிடும். கட்டையைப் பிடித்தால் இரண்டு கையும் போச்சு. இதற்காக லெக்சரர் வரைந்து கொடுத்த காலில் பாதம் கிடையாது. அடியில் தாம்பாளம் மாதிரி ஒரு வட்டப் பலகை, மேலே மிஞ்சின காலை நுழைக்கத் தோல் சாக்கெட், தொடையில் லேஸ் போட்டு இறுக்கிக்கொள்ளலாம். இடது வலது பேதம் இல்லை.

சோதனைக்கு ஒரு கால்தான் சாங்ஷன். அதை அந்தோணிக்குக் கொடுத்தோம். புண் அழுகி முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்ட மீனவர், முப்பது சொச்சம் வயது. சவரிமுத்து என்ற பெரியவரும் வந்திருந்தார். அவருக்கும் அப்படியே ஒரு கால் இல்லை. கரையில் மீன் ஏலம் கூறுபவர், அறுபதைத் தாண்டியவர். உழைக்கிற வயதுக்காரருக்கு மட்டும்தான் கால் என்று மேலிடத்து விதி.

"பெரியவரே, உங்களுக்குக் கட்டை போதும்ல?" என்று டாக்டர் அம்மா கேட்டார்.

"போதும் தாயி" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அந்தோணியிடம் நான் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான். தோலில் உப்புத் தண்ணி படக்கூடாது.

2. குழப்பம்

ரயிலை விட்டு இறங்கி நாங்கள் ஊருக்குள் போவது எப்போதும் நடுப்பகலில்தான். போன தடவையெல்லாம் தலைவலிதான் மிச்சம்.

அடிப்பலகை தாறுமாறாகத் தேய்ந்திருக்கும். ஆனால் அந்தோணியின் ஸ்டம்ப், அதாவது வெட்டியது போக மிஞ்சின கால், காய்ப்பில்லாமல் மெத்தென்று இருக்கும். அவ்வளவு நடந்தவன் கால் அப்படி இருக்காது. லேஸில் இரண்டு இடத்தில் தேய்மானம், ஒன்று இறுக்கிக் கட்டியது, ஒன்று தளர்த்திக் கட்டியது.

லெக்சரர் மரம் மட்டம் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், மரம் வாங்கினது நான் என்பதால். டாக்டர் அம்மாவோ ஸ்டம்ப் காலையில் வீங்கி மத்தியானம் வடிகிறது என்றார்.

"சாப்பாட்டுல உப்பைக் குறைங்க அந்தோணி."

"கருவாட்டுல எப்படித் தாயி கொறைக்கிறது?"

ஒரு தடவை சாக்கெட்டுக்குள் கட்டம் போட்ட கைலித் துணி சுருட்டிக் கிடந்தது. "எதுக்குய்யா இது?" என்றேன். "மெத்துனு இருக்கும்ல சார்" என்றான். லூஸாக இருக்கிறதாக்கும் என்று சாக்கெட்டைப் பிடித்துத் தைத்தேன். அடுத்த தடவை, "இப்ப புடிக்குது சார்" என்றான். பிரித்துத் தைத்தேன். துணி மறுபடி உள்ளே இருந்தது. எனக்குத் தொழில் தெரியவில்லையோ என்று பயமே வந்துவிட்டது. இந்தக் கால் தோற்றுவிட்டது என்று எழுதிவிட்டு மூட்டை கட்டலாமா என்று மூன்று பேரும் யோசித்தோம்.

3. காலையில் பார்த்தது

ஒருமுறை முந்தின சாயங்காலமே வந்து பள்ளிக்கூடத்தில் தங்கினோம். விடிந்ததும் சும்மா கரைக்குப் போனோம். வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. மீன் குவியலைச் சுற்றிக் கூட்டம். நடுவில் நின்று ஒரு கையில் சீலா மீனைத் தூக்கிப் பிடித்து, மறு கையை நீட்டி நீட்டி ஏலம் கூறிக்கொண்டிருந்தார் சவரிமுத்து. அவருக்குக் கீழே நான் செய்த கால்.

"ஏங்க, அது நம்ம காலுதானே?" என்றார் லெக்சரர்.

அந்தோணி ஒருவர் தோளைப் பிடித்தபடி வள்ளத்திலிருந்து இறங்கி வந்தான். எங்களைப் பார்த்தும் அவன் முகத்தில் எந்தச் சங்கடமும் இல்லை.

"என்ன அந்தோணி இது? கால் உங்களுக்குல்ல குடுத்தது?" டாக்டர் அம்மாவுக்குக் கோபம்.

"கடல்ல எனக்குக் காலு எதுக்குத் தாயி? உப்புத் தண்ணி படக்கூடாதுன்னு இவுகதான சொன்னாக. நான் வர்ற வரைக்கும் அங்கன கரையில சும்மாதான கெடக்கு. வள்ளத்துக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, காலுக்கும் பங்கு. காலையில பெரியவரு, ஏலம் முடிஞ்சா நானு."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலயே."

டாக்டர் அம்மா பெரியவரை உட்காரவைத்து காலைக் கழற்றினார். கைலித் துணிக்குக் கீழே புண்.

"இதோட நடந்தா இன்னொரு துண்டு வெட்டணும் பெரியவரே. இனிமே இதைத் தொடக்கூடாது."

"கட்டையில நின்னா ரெண்டு கையும் போயிருது தாயி. கையில்லாம எப்படி ஏலம் கூறுறது? ஏலம் கூறலைன்னா இந்தக் கரையில என்னைய யாரு கூப்புடுவா?"

"அன்னிக்குக் கட்டை போதும்னீங்களே?"

"போதும்லன்னு கேட்டீக. படிச்சவுக கேக்கும்போது இல்லைன்னா சொல்றது?"

டாக்டர் அம்மா புண்ணுக்கு மருந்து போட்டுக் கட்டிவிட்டார். திரும்பும்போது ரயிலில் ஒரே சண்டை. இரண்டு பேர் உழைப்பைத் தாங்கின கால் என்று லெக்சரருக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து டாக்டர் அம்மாவுக்கு இன்னும் கோபம். யார் பக்கம் பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் டாக்டர் அம்மா மேலிடத்தில் ஒற்றைக் காலில் நின்று வயது விதியைத் தளர்த்த வைத்தார். புண் ஆறியதும் பெரியவர் அளவுக்கே ஒரு கால் செய்தேன்.

4. மிச்சமான பங்கு

அடுத்த முறை வேண்டுமென்றே காலையில் போனோம். சவரிமுத்து தன் சொந்தக் காலில் நின்று ஏலம் கூறிக்கொண்டிருந்தார். ஸ்டம்ப் சுத்தமாக இருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தோணி வள்ளத்திலிருந்து இறங்கினான்.

"உங்க கால் எங்க அந்தோணி?" என்றார் லெக்சரர்.

அவன் கை காட்டினான். தண்ணீரை விட்டுத் தள்ளி, முன்பின் பார்த்திராத ஒல்லியான மனிதர் ஒருவர் வட்டப் பலகையை ஊன்றி நின்று வலை உதறிக்கொண்டிருந்தார்.

"தனுஷ்கோடி ஆளு சார். பெரியவருக்குத்தான் சொந்தமா வந்துருச்சே. காலைப் பங்கு சும்மா கெடந்துச்சு."

லெக்சரர் மணலில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் அம்மா என்னிடம் டேப்பை எடுக்கச் சொன்னார்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். அளவெடுக்கும் முன்னால், இதை வேறு யார் போடுவார்கள் என்று கேளுங்கள். போதுமா என்று மட்டும் கேட்காதீர்கள். கால் என்பது ஒருவருக்குச் சொந்தமா, கரைக்குச் சொந்தமா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

அன்றைக்கு நான் குனிந்து அந்தத் தனுஷ்கோடிக்காரர் தொடையில் டேப்பைச் சுற்றினேன். அவர் என் காதுப் பக்கம் குனிந்து, மெதுவாகச் சொன்னார்:

"கொஞ்சம் லூஸாவே எடுங்க சார்."