தட்டுக்காரி எதெல்வினா

தடியின் நுனியில் செருகியிருக்கும் பந்தால் எதெல்வினா முதலில் தன் தலையிலேயே தட்டிக்கொள்கிறாள். மெதுவாக ஒன்று, ஓங்கி ஒன்று. வலித்ததா இல்லையா என்று கண்ணை மூடி யோசித்துவிட்டு, சந்தேகத்துக்கு மூன்றாவதும் போடுகிறாள். நீச்சல் குளத்தின் வாயிற்காவலர் ஹெர்மினுல் தினமும் காலையில் இதைப் பார்க்கிறார். தினமும் ஒன்றையே சொல்கிறார். "அம்மணி, ஒருநாள் உன் மண்டை கழண்டு தண்ணில விழப்போகுது. அதையும் நான்தான் வலை போட்டு எடுக்கணும்."

எதெல்வினாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. பருத்த உடம்பு, சின்னப் பாதங்கள். துலுவா ஊரில் தட்டுக்காரி என்றால்தான் அவளைத் தெரியும். முன்பு அவள் தலையில் பழத்தட்டு மட்டும் இருந்தது. இப்போது அவள் பிறர் தலையிலும் தட்டுகிறாள். சொந்தாதுரோ என்ற பனைவகைப் பழங்களை வேகவைத்துத் தோல் சீவி, உப்பும் தேனும் தொட்டு விற்றுக்கொண்டு இருபத்தாறு வருடம் இந்த வாசலில் நின்றவள். உள்ளே போனதில்லை. அவள் நிறத்தில் உள்ளே போனவர்கள் தரை துடைக்கத்தான் போனார்கள். கறுப்பர்களுக்கு எலும்பு கனம், மிதக்க மாட்டார்கள் என்று வாடிக்கையாளர்களே பழத்தைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள். ஆற்றங்கரையில் பிறந்த எதெல்வினாவுக்கு அதைக் கேட்டால் பொத்துக்கொண்டு வரும். "எங்க ஆத்துல மிதக்கிற எலும்பு உங்க குளத்துல மட்டும் முங்கிடுமாக்கும்?"

அவளுக்கு உள்ளே வழி திறந்தது அவளுடைய குறி. ஓசியில் பழம் எடுக்க நீளும் கையை, எங்கோ பார்த்துக்கொண்டே விசிறிக் காம்பால் தட்டிவிடுவாள், ஒருமுறையும் தப்பியதில்லை. பயிற்சியாளர் ஒல்மேதோவும் அப்படித் தட்டு வாங்கியவர்தான். மூன்று வருடத்துக்கு முன் யுரானி என்ற பார்வையில்லாத பெண்ணைத் தன் அணியில் அவர் சேர்த்துக்கொண்டபோது, அந்தக் கை அவர் நினைவுக்கு வந்தது. "பாக்காமலே இந்தப் போடு போடுறியே, பாத்துத் தட்டினா எப்படி இருக்கும்!" என்று கூட்டிப்போனார்.

வேலை இவ்வளவுதான். யுரானி நீந்தி வருவாள். சுவருக்கு ஒரு கைவீச்சு இருக்கும்போது அவள் தலையில் பந்து பட வேண்டும். குரல் கேட்டால் யுரானி தடுமாறுவாள், அதனால் வாயைத் திறக்கக் கூடாது. கூவி விற்றே பழகியவளுக்கு அந்த மௌனம் பத்தியச் சாப்பாடு.

போன ஆகஸ்டில் அவள் வாயைத் திறந்துவிட்டாள். பயிற்சி நேரம். யுரானி வந்துகொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ, "சொந்தாதுரோ இருக்கா?" என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருந்தால் அவள் வியாபாரியா? "இதோ வந்துட்டேன்!" என்று கழுத்தைத் திருப்பினாள். திரும்பி முடிப்பதற்குள் சுவரில் மண்டை மோதும் சத்தம் கேட்டது. முடி தொடங்கும் இடத்தில் மூன்று தையல். தையல் போடும்போதே யுரானி, "அக்கா, அந்த ஆளுக்குப் பழம் குடுத்தியா இல்லையா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். எதெல்வினா சுவரோரம் போய் வாந்தி எடுத்தாள்.

சூடு கண்ட பூனை கதைதான் அதற்குப் பிறகு. பந்து முன்கூட்டியே விழ ஆரம்பித்தது. சுவர் இன்னும் மூன்று கைவீச்சு தூரத்தில் இருக்கும்போதே தட்டிவிடுவாள். யுரானி வேகத்தை விட்டுவிட்டுக் கையை நீட்டித் துழாவிக்கொண்டு வருவாள். "கரண்ட் போனா நீங்கள்லாம் மெழுகுவத்தி தேடுவீங்களே, அப்படி வர்றேன்க்கா நான்."

இந்த ஞாயிற்றுக்கிழமை மாகாணப் போட்டி. ஐம்பது மீட்டரை நாற்பது வினாடிக்குள் முடித்தால், பார்வையுள்ளவர்களோடு சேர்த்து யுரானியும் மாகாண அணியில். தடியோடு ஒருத்தி கரையில் நின்றால் பக்கத்துப் பாதையில் நீந்தும் பிள்ளைகள் மிரளும், அந்தப் பெண்ணுக்குத் தனியாக ஏதாவது நடத்துங்கள் என்று சில பெற்றோர் மனுக் கொடுத்திருந்தார்கள். ஒல்மேதோ நாலு அலுவலகம் ஏறி இறங்கி இந்த ஒரு வாய்ப்பை வாங்கி வந்தார். பயிற்சியில் யுரானிக்கு நாற்பத்தொன்றுக்குக் கீழே வரவில்லை. அந்த ஒரு வினாடி யார் கையில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. அதுதான் எதெல்வினாவை அரித்தது.

புதன்கிழமையிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே பழத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டு வாங்க வந்த ஆசிரியர் ஒருவரிடம் திட்டு வாங்கினாள். பேருந்தில் முன் இருக்கைக்காரரின் மொட்டைத் தலையில் தன்னையறியாமல் விரலால் தட்டிவிட, அவர் எழுந்து சண்டைக்கு வந்தார். "நீந்தப்போறது அவளா நீயா?" என்றான் புருஷன். "அவ கையில மட்டும் இருந்தா நான் ஏன்யா பயப்படப்போறேன்?" என்றாள்.

ஞாயிறு காலை, மேடையில் ஏறுமுன் யுரானி அவள் கையைத் தேடிப் பிடித்தாள். "அக்கா, லேட்டாத் தட்டினா மண்டைதான் உடையும். மண்டை ஆறிடும். முன்னாடியே தட்டினா நான் வீட்டுக்குப் போயிடணும்."

"வாயைக் கழுவுடி."

"சத்தியமாச் சொல்றேன். ஒரு கைவீச்சு மிச்சம் விட்டுத் தட்டு."

எதெல்வினா மறு கரைக்கு நடந்தாள். ஆறு பேர் குதித்தார்கள். ஐம்பது மீட்டருக்கு மொத்தமே ஒரு தட்டுதான். நான்காம் பாதையில் யுரானியின் மஞ்சள் தொப்பி நேராக அவளை நோக்கி வந்தது. மூன்று கைவீச்சு. இப்போது, இப்போது என்று கை துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு தடியைத் தூக்கியே வைத்திருந்தாள். இரண்டு. அந்த மண்டைச் சத்தம் காதுக்குள் கேட்டது. அந்த வீச்சையும் போக விட்டாள். பிறகு தட்டினாள்.

யுரானியின் உள்ளங்கை சுவரில் படாரென்று அடித்தது.

ஒலிபெருக்கி முப்பத்தொன்பது புள்ளி ஆறு என்றது. ஒல்மேதோ துள்ளினார். மேலே பார்வையாளர்களில் யாரோ மேளத்தைத் தட்ட ஆரம்பித்தார்கள். எதெல்வினா ஈரத் தரையில் மண்டியிட்டு, யுரானியின் தொப்பியை உருவி எறிந்துவிட்டு, முடிக்கும் நெற்றிக்கும் இடையே இரண்டு கட்டை விரலாலும் தடவினாள்.

"அக்கா, நேரம் சொன்னாங்களே, கேட்டியா?"

எதெல்வினா விரல்களை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ரத்தமில்லை, தண்ணீர்தான். நம்பிக்கை வராமல், பாவாடையில் துடைத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து தடவிப் பார்த்தாள்.