கடைப் பலகைக்கு ஒரு பெயர்

மருதனார்மடத்தில் என் தையல் கடைக்குப் புதுப் பலகை. பாரிசிலிருந்து வந்திருந்த அக்காவின் மகள் சொன்னாள்: "சித்தி, 'கூத்தூரியே' எண்டு எழுதுங்கோ. பிறெஞ்சிலை பெரிய பெரிய உடுப்பு டிசைனர்மாருக்கு அதுதான் பேர்."

"கருத்தென்னடி?"

"கூத்தூர் எண்டால் தையல். கூத்தூரியே எண்டால் தைக்கிற ஆள்."

மெஷினில் எண்ணெய் மணந்தது. அம்மாவின் கையிலும் அதே மணம்தான். சிறுவயதில், நல்லூரில் ஒரு கல்யாண வீட்டுக்கு, அம்மா தைத்த மணப்பெண்ணின் சட்டையை அவவும் நானும் கொண்டு போனோம்.

"தையல்காரி, பின்பக்கத்தாலை வா" என்றார் வீட்டுக்காரர்.

அம்மா அசையவில்லை. "இந்தச் சட்டை முன்வாசலாலைதான் உள்ளை வரும். இல்லாட்டித் திரும்பிப் போகும்."

முகூர்த்தம் நெருங்கியிருந்தது. அவர் விலகி நின்றார்.

பெயிண்டரிடம் சொன்னேன்: "தையல்காரி எண்டு எழுதும், தம்பி. றோட்டிலை நிண்டு பார்த்தாலும் தெரியவேணும்."