மொப்பிலிருந்து விழுந்த நூல்

பேர்லினில் ஒற்றை வாளியோடு துப்புரவுக் கம்பனி தொடங்கினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், நாற்பது பேருக்கு வேலை கொடுக்கிறேன். வீடும் கட்டினேன், கோயிலுக்கு மண்டபமும் கட்டினேன். அப்படிப்பட்ட என்னை இப்போது ஒரு நூல் ஓட வைக்கிறது.

தெற்கே ஒரு மலையூரில் கேர்லிங் போட்டி. ஆண்களும் பெண்களும் அணி அணியாகப் பனித்தளத்தில் கனத்த கற்களை வழுக்கி விடுகிறார்கள். அரங்கின் துப்புரவு எங்கள் பொறுப்பு. காலையில் பனியில் ஒரு சப்பாத்து அடையாளம் கண்டேன். கறையைப் பார்த்துக்கொண்டு சும்மா போக என்னால் முடியாது, மொப்பால் துடைத்துவிட்டேன். இப்போது அதே இடத்தில் ஒரு நூல் கிடக்கிறது. பெண்கள் அணி கல்லோடு தயாராகிறது.

தளத்தைப் பராமரிக்கும் மன்னார்க்காரர் அந்தோனியிடம் ஓடுகிறேன்.

"தம்பி, அதிலை ஒரு நூல் கிடக்குது."

"ஐயோ அண்ணை, கல்லு பட்டா திசை மாறிப் போடும்! ஆரின்ரை நூல்?"

உண்மையைச் சொன்னால் ஒப்பந்தம் போய்விடும்.

"என்ரை மொப்பின்ரைதான்."

"ஐஸுக்கு ஆரும் மொப் போடுவினமோ? இதென்ன நீங்கள் சமைக்கிற குசினியோ?"

பாய்ந்து போய் நூலை எடுக்கிறார். கல் அந்த இடத்தைத் தாண்டி நேராகப் போகிறது. ஒலிபெருக்கியில் அந்தோனிக்கு நன்றி சொல்கிறார்கள், அரங்கமே கைதட்டுகிறது. ஒப்பந்தம் என்னாகுமோ தெரியாது. ஆனாலும் நூலைக் கண்டதும் நான், ஓடிப்போய்ச் சொன்னதும் நான். என் பெயரையும் சொல்லுங்கள்.