ஆறு மணிக்குள் ஒரு சம்மதம்

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் கிருஷ்ணவேணி அக்காவைப் போல் தறியில் உட்காருகிறவள் இல்லை. அவளைப் போல் என்னைக் கோபப்படுத்துகிறவளும் இல்லை. இருபத்திரண்டு வருடமாக ஒரு முதலாளியின் பட்டைக் கூலிக்கு நெய்தவள், இந்த ஆவணியில்தான் முதன்முதலாகத் தன் பொறுப்பில் ஒரு கல்யாணப் புடவை நெய்ய ஆசைப்பட்டாள்.

ஓரிக்கை கலியாணசுந்தரம் தன் மகளுக்காகப் போன வாரம் வந்து பேசினார். வெறும் பேச்சுதான், முடிவில்லை. அதற்குள் அக்கா காதுத் தோட்டை அடகு வைத்து அரக்குப் பட்டு வாங்கிவிட்டாள். நேற்று மூன்று மணிக்கு அவர் குரல் வாட்ஸ்அப்பில் வந்தது.

“பேசின வெலைல ஆயிரம் கொறச்சிக்கோ. நாப்பது நாள்ல வேணும். சம்மதம்னா ஆறு மணிக்குள்ள ஒரு வார்த்த சொல்லிடும்மா. இல்லன்னா கடையில எடுத்துடுவோம்.”

அக்கா என்ன செய்தாள்? இழை வழுக்காமலிருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, தறியிலிருந்த பழைய பாவின் நுனியோடு புதுப்பாவின் நெடுக்கு இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க உட்கார்ந்துவிட்டாள். எங்கள் தெரு வழக்கம் அப்படி. முதலாளி வீட்டுப் பட்டு வந்து இறங்கும், பாவு பிணைப்போம், அதுதான் சம்மதம்.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நான் உள்ளே நுழைந்தேன்.

“இன்னாக்கா, பதில் போட்டியா?”

“பாவு பிணைச்சிக்கினு இருக்கேனே, கண்ணு தெரியல? இதுக்கு மேல இன்னா பதிலு?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு வருடமாகக் கோர்ட் வாசலில் ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்கிறவள் நான். ஒருவர் கேட்க, மற்றவர் சம்மதிக்க, அந்தச் சம்மதம் கேட்டவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். அப்போதுதான் அது இருவரையும் கட்டும்.

“நீ பிணைக்கிறது ஓரிக்கைல இருக்கறவருக்கு எப்டிக்கா தெரியும்?”

அவள் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து ஓடிப் போனை எடுத்தாள். சாம்பல் விரலைப் போன் ஏற்கவில்லை. புடவையில் துடைத்து மறுபடி வைத்தாள், திறக்கவில்லை. மூன்றாம் முறை திறந்தது. “சரிங்க, சம்மதங்க” என்று சொல்லி அனுப்பும்போது மணி ஐந்து ஐம்பத்தெட்டு. ஒற்றை டிக்தான் விழுந்தது. கூப்பிட்டுப் பார்த்தோம், ஸ்விட்ச் ஆஃப்.

தபாலில் போட்ட சம்மதம் போட்ட நிமிடமே கேட்டவரைக் கட்டும் என்பார்கள் எங்கள் வக்கீல்கள். போய்ச் சேராத வாட்ஸ்அப்புக்கு என்ன சட்டம்? எனக்கே தெரியாது. தெரிந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அக்கா தோடு இல்லாத காதைத் தடவியபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

ஆறு இருபதுக்கு அவரே கூப்பிட்டார். “கடையில பொடவைய மடிச்சிக்கினு இருக்காங்கம்மா. ஆறு தாண்டிடுச்சே.”

நான் போனைப் பிடுங்கினேன். “அனுப்பின நேரத்தப் பாருங்க சார்.”

அந்தப் பக்கம் மகள் பிரியதர்ஷினியின் குரல் கேட்டது. “அஞ்சு அம்பத்தெட்டுப்பா. நம்ப போன்தான் சார்ஜ் எறங்கிக் கெடந்துச்சு.”

நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

“சரி, சொன்ன சொல்லு சொல்லுதான். நீயே நெய்யும்மா,” என்றார் அவர். “ஆனா மூணு மணிக்குக் கேட்டதுக்குச் சரின்னு ஒரு வார்த்த சொல்ல இவ்ளோ நேரமா?”

அக்கா போனை என்னிடமிருந்து வாங்கினாள். அழுதுகொண்டே சொன்னாள்:

“இருவத்திரண்டு வருசமா நெய்யிறேங்க. உனக்குச் சரியான்னு என்னை யாருமே கேட்டதில்ல. பதில் சொல்லணும்னு எனக்கு எப்டிங்க தெரியும்?”