குனியாத சம்பந்தி

முதுகெலும்பில் ஆபரேஷன் செய்த டாக்டர் எனக்கு மூன்றே கட்டளைகள் போட்டார்: குனியக் கூடாது, இடுப்பைத் திருப்பக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. மற்றபடி வழக்கம்போல் வாழலாம் என்றார். இந்த மூன்றையும் கழித்துவிட்டால் மனிதன் வீட்டில் என்னதான் செய்வான் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி நன்றி சொல்லிக் கதவைத் திறந்துவிட்டாள்.

பெங்களூர் ஆடுகோடி வீட்டில் என் புது வாழ்க்கை தொடங்கியது. சட்டைக்குள் கெட்டியான பெல்ட். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால், பீரோவை நகர்த்துவது மாதிரி மொத்தமாகத் திரும்புவேன். எதிர்வீட்டுக் கன்னடக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "ரெஸ்ட் தகொள்ளி சார்" என்று ஓய்வெடுக்கச் சொல்வார். கீழே விழுந்ததையெல்லாம் கால் விரலால் எடுக்கப் பழகினேன். துண்டு, பேனா மூடி, டிவி ரிமோட். ரிமோட்டை எடுத்த அன்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது. மாத்திரையையும் அப்படியே எடுத்து வாயில் போட்டதை மனைவி பார்த்துவிட்டாள். அன்று வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை.

இந்த லட்சணத்தில்தான் மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். பையன் அவள் ஆபீஸ்தான். இருவரும் தாங்களே முடிவு செய்துவிட்டு, பெரியவர்கள் முடிவு செய்யட்டும் என்று பெருந்தன்மையாக விட்டிருந்தார்கள். பையனின் அப்பாவுக்கு ஆனேக்கல்லில் ஹார்டுவேர் கடை.

"அவங்க வீட்ல மரியாதைதான்பா எல்லாமே. அவங்க அப்பா வேணாம்னுட்டா இவன் மீற மாட்டான். கொஞ்சம் பணிவா இருப்பா, ப்ளீஸ்" என்றாள் மகள்.

எதற்கும் கெஞ்சுகிற பெண்ணில்லை அவள்.

நான்காவது கட்டளை மனைவி போட்டது. "ஆபரேஷன் விஷயத்தப் பத்தி மூச்சு விடாதீங்க. பரம்பரை வியாதின்னு நெனச்சிடுவாங்க."

ஆக, பணிவாக இருக்க வேண்டும், ஆனால் குனியக் கூடாது, ஏன் என்றும் சொல்லக் கூடாது. பணிவை முகத்திலேயே காட்டிவிடுவது என்று முடிவு செய்து கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தேன். பல்வலிக்காரன் மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கார் வந்து நின்றதைப் பால்கனியிலிருந்து பார்த்தேன். பையன் கதவைத் திறந்து கை கொடுக்க, அவன் அப்பா இரண்டு காலையும் ஒன்றாக வெளியே வைத்து, சாவகாசமாக இறங்கி, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பெரிய ஜமீன்தார் என்று நினைப்பு! வாசலில் நான் விறைப்பாகக் கும்பிட்டேன். அவர் அதைவிட விறைப்பாகக் கும்பிட்டார். இதுதான் மரியாதைக் குடும்பமாம்.

அவர்களுக்காகவே சோபாவுக்குப் புது உறை போட்டிருந்தோம். மனைவி உட்காரச் சொன்னாள்.

"பரவால்லம்மா, நிக்கறேன்" என்றார் அவர்.

நிற்கிறாராம். எனக்கு சோபா ஆகாது, அதில் புதைந்தால் எழ முடியாது. அதனால் வீட்டிலிருந்த ஒரே மரநாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் அந்த நாற்காலியையே முறைத்துக்கொண்டிருந்தார். என் வீட்டில் என் நாற்காலிக்கே குறி வைக்கிறாரே என்று எனக்குக் காது சூடானது. விருந்தாளியை நிற்க வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறானே, இவன் வீட்டிலா பெண் எடுப்பது என்று அவர் மனைவியின் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. கேசரி ஆறியது. சமையலறை வாசலில் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

எப்படியோ தட்டு மாற்றும் கட்டம் வந்தது. தேங்காய், பழம், வெற்றிலை என்று மேஜைமேல் இருந்த இரண்டு தட்டும் நல்ல கனம். இரண்டு அப்பாக்களும்தான் தூக்கி மாற்றிக்கொள்ள வேண்டும்.

"நீங்க மொதல்ல எடுங்க" என்றேன்.

"பொண்ணு வீடு, நீங்களே எடுங்க" என்றார்.

இருவரும் தொடவில்லை. பொறுமை இழந்த என் மனைவி தட்டை என் பக்கம் தள்ளியதில் ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு தரையில் விழுந்து, எங்கள் இருவருக்கும் நடுவே போய் நின்றது. எந்த அப்பா இறங்கி வருகிறார் என்று பார்ப்பது போல இரண்டு குடும்பமும் அசையாமல் நின்றது.

"இஷ்டமில்லேன்னா நேரா சொல்லிடுங்க சார்" என்றார் அவர்.

மகளின் முகம் வெளுத்துப்போயிற்று.

அப்போதுதான் கவனித்தேன். அவருடைய வலது கால் மெல்ல முன்னால் நகர்ந்தது. கட்டைவிரல் பழத்தைப் பார்த்து விரிந்தது. பிறகு, மங்கலப் பொருளைக் காலால் தொடுவதா என்று தோன்றியிருக்க வேண்டும், சட்டென்று பின்வாங்கியது. பல வாரப் பயிற்சி இல்லாமல் எந்தக் கட்டைவிரலும் அப்படி விரியாது.

"உங்களுக்கு முதுகுல எந்த எடத்துல?" என்று கேட்டேன்.

அவர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

"எல் ஃபைவ், எஸ் ஒன்" என்றார் அவர், மெதுவாக.

"எனக்கு எல் ஃபோர், எல் ஃபைவ்."

"அட, பக்கத்து வீடு!"

இரண்டு பேரும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். முதுகு சுளீரென்று இழுத்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. "பரம்பரை வியாதின்னு நெனச்சிடுவீங்கன்னு இவதான் வாயத் தெறக்க விடல" என்றார் அவர். என் மனைவி, கேசரியைச் சுட வைக்கிறேன் என்று உள்ளே ஓடிவிட்டாள். பழத்தைப் பையன் எடுத்தான். நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன். தட்டுகளைத் தூக்காமல், மேஜைமேலேயே இங்கும் அங்குமாக நகர்த்தி மாற்றிக்கொண்டோம்.

மகள் வந்து என் காலில் விழுந்தாள். ஆசீர்வாதம் செய்யத் தலையில் கை வைக்க வேண்டும். தலையோ தரையில் இருந்தது. கையை நீட்டினேன், பாதி வழியில் நின்றுவிட்டது. வேறு வீட்டுக்குப் போகப்போகிற பெண்ணின் தலையைக்கூடத் தொட முடியவில்லையே.

அவள் எழுந்தாள். முழுதாக எழவில்லை. என் கை நின்ற உயரத்துக்குச் சரியாகத் தலையைக் கொண்டுவந்து, முழங்காலை மடித்தபடி அப்படியே நின்றாள்.

"சீக்கிரம் வைப்பா, காலு வலிக்குது" என்றாள்.