ஒன்று இரண்டாகும் இடம்

புவனகிரிக்குப் போகும் வெள்ளாற்றுப் பாலத்தில், ஒரு காலை, எதிரே இரண்டு லாரிகள் ஒட்டி உரசிக்கொண்டு வந்தன. பாலத்தில் ஒரு லாரிக்குத்தான் இடம் இருந்தது. பள்ளிக்கூடப் பேருந்தை ஓரங்கட்டி நிறுத்தினேன். இடது கண்ணை மூடினால் ஒரு லாரி காணாமல் போயிற்று, திறந்தால் திரும்பி வந்தது. பிள்ளைகளை ஏற்றப் போகும் நேரம் என்பதால் வண்டியில் யாரும் இல்லை. அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், சாவியைப் பிடுங்கிக்கொண்டு கீழே இறங்கியது.

கடலூரில் கண் டாக்டரம்மா ஒரு பேனாவை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். இடது கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் நரம்பு, சர்க்கரையால் படுத்துவிட்டதாம். "ரெண்டு கண்ணும் ஆளுக்கொரு படம் புடிக்குது. மூளை அத ஒண்ணா சேக்குது. அதுக்கு ஃப்யூஷன்னு பேரு. உங்களுக்கு ஒரு கண்ணு சரியா திரும்பல, அதனால சேர மாட்டேங்குது. பெரும்பாலும் மூணு மாசத்துல தானா சரியாயிடும்," என்றார். அதுவரை ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாக வேறொரு டிரைவரைப் போட்டார்கள். மூன்று மாதத்தில் கண் சரியாகிவிட்டது என்று சான்றிதழ் கொண்டுவந்தால் வண்டி எனக்கு, இல்லையென்றால் அவருக்கே. பத்தொன்பது வருஷம் ஓட்டியவனுக்கு அவ்வளவுதான் பேச்சு.

சும்மா உட்கார்ந்திருந்தால் கண்டதையும் யோசிக்கத் தோன்றும். இரண்டு ஒன்றாவதற்கு நம் பேச்சில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. உடைந்த எலும்பு கூடுகிறது. பாலில் மோர் விழுந்தால் தோய்கிறது. உப்பு கரைகிறது, ஆறு கடலில் கலக்கிறது, சண்டை போட்ட அண்ணன் தம்பி ராசியாகிறார்கள். இரண்டு கண்ணும் பார்த்தது ஒன்றாவதற்கு மட்டும் வீட்டில் புழங்கும் சொல் ஒன்று கூட எனக்குக் கிடைக்கவில்லை. அப்படி ஒரு வேலை நடக்கிறது என்றே யாருக்கும் தெரியாது. அது நின்றுபோன பிறகுதான் எனக்கும் தெரிந்தது.

என் மனைவிக்குத் தெரிந்திருந்தது. அவள் அண்ணாமலை நகரில், பல்கலைக்கழக லேபில் உதவியாளர். "மைக்ராஸ்கோப்புல மொதல்ல ரெண்டு வட்டமாத்தான் தெரியும். கண்ணு வைக்கிற ரெண்டு குழாயையும் நகத்திக்கிட்டே வந்தா ஒரு எடத்துல ஒண்ணாயிடும். பசங்களுக்கு அதத்தான் மொதல்ல சொல்லித் தருவோம்," என்றாள். உங்கள் கண்ணும் நகர்ந்து வரும், எவ்வளவு வந்திருக்கிறது என்று வாராவாரம் அளக்கலாம் என்பது அவள் யோசனை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டுக்கு வெளியே என்னை நாற்காலியில் உட்காரவைப்பாள். என்னைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து போவாள். அவள் இரண்டு பேராகப் பிரிந்ததும் நான் கையைத் தூக்க வேண்டும். அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போடுவாள்.

ஆரம்பத்தில் என் தட்டில் இருந்த இட்லிதான் ஒன்றாகத் தெரிந்தது. எதிர்ச் சுவரில் காலண்டர் இரண்டு. வீட்டுக்குள் நடமாடிய இரண்டு மனைவிகளில், இல்லாதவளிடம்தான் நான் அடிக்கடி பேசினேன். "அவ ஏதாவது பதில் சொல்றாளா?" என்று இருப்பவள் கேட்பாள்.

முதல் கோடு கேட்டிலிருந்து நாலே அடி. மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டுக் கோலத்தை எட்டியது. பிறகு முருங்கை மரம், அதன் பிறகு டிரான்ஸ்பார்மர். "என்னா, வீட்டுக்காரர உக்கார வச்சிட்டு நீங்க மட்டும் வாக்கிங் போறீங்களா?" என்று தெருவே கிண்டல் செய்தது. பத்தாவது வாரம் அவள் தெருமுனைக் குழாயடி வரை போய்விட்டாள். அங்கேயும் ஒருத்தியாகவே நின்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அவளிடம் சொல்லாத ஒன்று இருந்தது. நேராகப் பார்த்தால்தான் ஒன்று. கண்ணை இடப்பக்கம் ஓட்டினால் இன்னும் இரண்டுதான். ஆனால் கழுத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிக்கொண்டால் அதுவும் ஒன்றாகிவிடும். டாக்டரம்மா பேனாவை ஆட்டும்போது அதைச் செய்துகொள்ளலாம் என்று இருந்தேன்.

சான்றிதழுக்குப் போவதற்கு முந்தின நாளும் ஞாயிறுதான். குழாயடி வரை போய்த் திரும்பியவள் வீட்டுக்குள் போகவில்லை. என் நாற்காலிக்கு இடப்பக்கம், மதிலோரமாகப் போய் நின்றாள்.

"இப்ப எத்தன பேரு?"

"ஒருத்திதான்."

"தலையத் திருப்பாம சொல்லுங்க."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "உனக்கு என்ன டாக்டருன்னு நெனப்பா? நேரா நல்லாத்தான் தெரியுது. மீதி போகப் போக சரியாயிடும். நாளைக்கு எழுதி வாங்கலன்னா வண்டி போயிடும், தெரியுமில்ல?"

"ரெண்டு வட்டமும் சேராமலே 'தெரியுது மேடம்'னு சொல்ற பசங்கள தெனமும் பாக்கறேன். உங்க மூஞ்சி இப்ப அப்படித்தான் இருக்கு," என்றாள். பிறகு குரலைத் தணித்தாள். "பஸ்ஸுல படிக்கட்டு லெஃப்ட்லதான இருக்கு? ஏத்தி எறக்கற ஆயாம்மாவுக்கு ரெண்டு கைதான். மீதிப் புள்ளைங்கள நீங்கதான் கண்ணாடியில பாக்கணும். எது நெசப் புள்ளன்னு தெரியாம வண்டிய எடுப்பீங்களா?"

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அன்று மதியம் சாப்பிடவில்லை. அவளும் கெஞ்சவில்லை.

மறுநாள் கடலூரில் டாக்டரம்மா பேனாவை நேராகப் பிடித்தார். ஒன்று. வலப்பக்கம் கொண்டுபோனார். ஒன்று. இடப்பக்கம் கொண்டுபோனபோது என் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு," என்றேன். இன்னும் ஐந்தாறு வாரம் ஆகும் என்று எழுதிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்கு போன் செய்தேன். "சரி, பாக்கலாம்," என்றார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு நாற்காலியை நானே வெளியே கொண்டுவந்து போட்டேன். அவள் கேட்காமலே இடப்பக்கம் போய் நின்றாள். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினேன். இரண்டு பேரும் குனிந்து கோடு போட்டார்கள்.